பன்னிரண்டு டாலர் தோட்டா

அன்புள்ள லோர்னா,

அலாஸ்காவில் குளிர் தொடங்கிவிட்டது. நான் நலம். உன் முதுகுவலி தேவலையா?

இந்த வாரம் நான் வேட்டைக்குக் கூட்டிப்போன விட்காம், எலும்பைத் துளைத்தாலும் சிதறாத உயர்ரகத் தோட்டாவைப் பற்றி மூன்று நாள் பிரசங்கம் செய்தார். ஆனால் அட்டையில் சுட்டுத் துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்ததெல்லாம் மலிவுத் தோட்டாவில்.

"தோட்டா மாறினா குறியும் மாறும். இதுலயும் ஒண்ணு சுட்டுப் பாத்துருங்க சார்."

"ஒண்ணு பன்னெண்டு டாலருய்யா. அட்டையில சுடறதுக்கா வாங்கினேன்?"

குதிரை உயர மூஸ் மானின் நெஞ்சுக்குக் குறி வைத்துச் சுட்ட பன்னிரண்டு டாலர் தோட்டா கீழிறங்கிக் காலில் பட்டது. புதருக்குள் தேடிப் போனவன் நான். மகானுபாவர் கூடாரத்தில் காப்பி குடித்தார். மான் விழுவதற்கு முன் என்னை லேசாக ஒரு முட்டு முட்டியது, அவ்வளவுதான்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்பு. தபால் விமானம் கிளம்பப்போகிறது. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பதறாதே, இடது கை. நானாவது அட்டையில் எழுதிப் பழகிவிட்டுத்தான் இந்தத் தாளைத் தொட்டேன்.

உன்
டெல்