தலையாட்டலில் நின்ற விலை

அன்புள்ள அம்மா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: லக்சம்பர்க்கில் இம்மாதம் சில நாள் பாலாடைக்கட்டி விலை ஏறவில்லை, தடுத்தவன் உங்கள் காமென்.

உங்கள் கால்வீக்கம் வடிந்ததா? இங்கே புள்ளிவிவர அலுவலகத்தில் நான் அளக்கும் பணவீக்கம் வடியவில்லை. நாடுகளை ஒப்பிட எங்கும் ஒரே விதி: அதே பொருள், அதே எடை. விலை மாறாமல் பாலாடைக்கட்டி சிறுத்தாலும் விலையேற்றம்தான்.

இம்முறை கட்டி சிறுத்திருந்தது. “போன மாசத்து அதே எடைதானாப்பா?” என்றார் மேலாளர் மிரெய். ‘இல்லை’ என்று நம் பல்கேரிய வழக்கப்படி மேலும் கீழும் தலையாட்டினேன். அவர் ‘ஆமாம்’ என்று பதிந்துவிட்டார்.

பிறகு தெரிந்ததும், “தலையாட்டி பொம்மை, இன்னொரு தடவை ஆட்டினா வேலையே ஆடிப்போயிடும்” என்றார்.

விலையும் திருத்தப்பட்டு ஏறிவிட்டது. தலையை அசைக்காமலே திரிவதில் கழுத்து வலிக்கிறது, தைலம் அனுப்புங்கள். கிறிஸ்துமசுக்கு வரட்டுமா? வீடியோவில் தலையாட்டாமல் வாயால் சொல்லுங்கள், இப்போது எனக்கே குழப்பம்.

காமென்