பின்வாசல் மரத்து ஆந்தை

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், தையல் மெஷின் நலம், நானும் முக்கால்வாசி நலம். மீதிக் கால்வாசிக்காகத்தான் இந்தக் கடிதம், பதறாமல் கடைசிவரை படி. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன்.

இங்கே மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது, பின்வாசல் மரத்தில் மட்டும் நாலைந்து இலை பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு பஸ் ஓட்டப் போகாமல் வீட்டிலேயே கிடக்கிறாரே உன் அப்பா, அவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அணில் கொட்டை புதைத்த இடம், முள்ளெலி சருகுக்குள் நுழைந்த இடம் என்று பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் மணிவாரியாகக் குறித்துவைக்கிறார். அணில் ஐந்து நிமிடம் தாமதித்தால் இவருக்குக் கோபம் வருகிறது. போன மாதம் ஒருநாள் காலையில், “இங்க வந்து பாரேன், அடிமரத்த ஒட்டி ஆந்தை உக்காந்திருக்கு” என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், வெட்டிவிட்ட கிளையின் கட்டைதான் தெரிந்தது. மறுநாளும் ஆந்தை என்றார், அதற்கு மறுநாள் அது ஒற்றைக் கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்தது என்றார். கட்டை ஆந்தையாகத் தெரிகிற மனிதர் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவார்? அந்த நேரம் பார்த்து டிப்போவிலிருந்து, பார்வைப் பரிசோதனைக்கு வந்து வேலையில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, அதை மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டேன். பத்து நாள்! டிப்போ தன்னை மறந்துவிட்டது என்று அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்து எழுந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. திட்டுவதானால் திட்டு, எனக்கு வேண்டியதுதான்.

போன திங்கட்கிழமை தபால்காரம்மா பார்சல் கொண்டுவந்தபோது அவரையும் ஜன்னலுக்குக் கூப்பிட்டுவிட்டார் அப்பா. எனக்கு மானம் போயிற்று. அந்தம்மாவோ எட்டிப் பார்த்ததுமே, “அட, ஆமா! எவ்ளோ அழகா தூங்குது, காதுகூட ரெண்டும் தெரியுதே” என்றார். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன், அதே கட்டைதான். அப்பா கேலிகூடச் செய்யவில்லை, அதுதான் கொடுமை. மேஜையில் நான் தைத்துவைத்திருந்த கோட்டை எடுத்து, “இது கறுப்புக் கோட்டு, நீ நீலப் பொத்தான் வச்சிருக்க, எப்படிச் சொல்றதுன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்று மெதுவாகச் சொன்னார். அப்போதே டிராயரைத் திறந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டு அழுதேன். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் அவர். மறுநாள் டிப்போவுக்குப் போய்ப் பரிசோதனையில் தேறிவிட்டார், வருகிற வாரம் பழைய ரூட்டிலேயே வண்டி எடுக்கிறார். வந்ததும் வராததுமாக என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கும் இரண்டு கண்ணிலும் புரையாம், எடுத்துவிட்டால் பார்வை நன்றாக வருமாம், அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரு கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகக் கோணிக்கொண்டு போகிறது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிறுதோறும் நீ வீடியோவில் வரும்போதெல்லாம் இளைத்துவிட்டாய் என்று சண்டை போட்டேனே, உன் முகம் எனக்குச் சரியாகத் தெரியவே இல்லையடி. குரலை வைத்துத்தான் ஒப்பேற்றினேன். முடிந்தால் என் ஆபரேஷன் வாரம் லீவு போட்டு வா. மரம் துளிர்க்கும்வரை ஆந்தை எங்கும் போகாது என்று அப்பா சொல்கிறார், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ள மறக்காதே.

இப்படிக்கு,
நீ இளைத்திருக்கிறாயா இல்லையா என்று இந்தத் தடவை பார்த்துச் சொல்லப்போகிற
அம்மா