முடிக்காத கடல்

வெள்ளிக்கிழமை, இரவு.

முடித்துவிட்ட விளையாட்டு யார் சொல்வதையும் கேட்காது, அதனால்தான் சில மாதங்களுக்கு முன் இன்னும் முடிக்காத ஒன்றை வாங்கினேன். இதை அக்காவிடம் சொல்லத் தெரியவில்லை. "அரைகுறை கேமைப் போயி காசு குடுத்து வாங்கியிருக்கியே, கூறு இருக்காடி ஒனக்கு?" என்று இன்று மாலை முழுக்கச் சிரித்தாள்.

ஆதிகாலக் கடலைப் பற்றிய கணினி விளையாட்டு. யாரோ ஒரு பெண் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள். அதில் அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிர், மீனைப் போலத் தலையை நீட்டி நீந்தியது. நம் அரியலூர் குவாரிகளில் சுருள் சுருளாகக் கல்லாய்க் கிடக்கும் அதே உயிர். ஓடு முன்னால் போக, பின்பக்கமாகத்தான் நீந்தியிருக்கும் என்று அவளுக்கு எழுதியிருந்தேன். இரண்டு மாதம் பதில் இல்லை. விளையாட்டையே கைவிட்டுவிட்டாள் என்று பயந்தேன்.

இன்று புதிய பதிப்பு வந்தது. அம்மோனைட் பின்னோக்கிப் போகிறது. எத்தனை அழகு! தப்புகளை ஊரறிய வைத்துக்கொண்டே திருத்துகிறாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. எதையும் முடிக்கும்வரை ஒளித்துவைப்பேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏய், சுறா பாறைக்குள்ள பூந்து போவுதுடி. இதையும் அவளுக்கு எழுது."

எழுதி அனுப்பினேன்.