அரைக்கட்டை மேலே

பிப்ரவரி 3

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவரைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லா விசைகளும் அரைக்கட்டை மேலே ஏறி நிற்கின்றன. ஒன்றைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பது பதில் சொல்கிறது. அதைச் சொன்னால், கையிலிருந்த சின்ன மீட்டரை என் மூக்குக்கு நேரே நீட்டுகிறார்.

"சரியாத்தாம்மா காட்டுது."

"அப்போ மீட்டருக்கே வாசிச்சுக் காட்டுங்க."

முகம் சுண்டிப்போயிற்று. என் கணவர் இருந்த காலத்திலிருந்து வருகிற மனிதர்தான். அதற்காகப் பாவம் பார்த்தால் சுருதி சேருமா? கணவர் போய் இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. அதற்குள் இந்த வீட்டில் எதை எப்படிச் செய்தாலும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 9

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் மணியை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. கீச்சுக்குரல்.

பிப்ரவரி 14

இசைத்தட்டுக்காரர் வந்தார். என் கணவர் வாசித்த ஜாஸ் பதிவுகளில் மூன்றை எடுத்து ஒரே தட்டாக வெளியிடப்போகிறார். ஆயுள் முழுக்க ஹோட்டல் முன்கூடங்களில், சாப்பிடுகிறவர்களின் முதுகுகளுக்கு வாசித்தவர். அவர் பெயர் போட்டு வரப்போவது இந்த ஒரு தட்டுதான். நான் கேட்டுச் சரி என்று சொன்னால்தான் அச்சுக்குப் போகும். அது நான் வைத்த நிபந்தனை.

பழைய நாடாவிலிருந்து எடுத்ததைப் போட்டுக் காட்டினார். நான்காவது சுரத்திலேயே கையைத் தூக்கி நிறுத்திவிட்டேன். இந்த மெதுவான பாட்டை என் கணவர் எப்போதும் இ ஃபிளாட்டில்தான் வாசிப்பார். இங்கே அதற்கு அரைக்கட்டை மேலே, இ-யில் ஓடுகிறது. நாடா வேகமாகச் சுற்றியிருக்கிறது. வேகம் கூடினால் சுருதியும் ஏறும் என்பது குழந்தைக்கும் தெரியும்.

"ரெண்டு மெஷின்ல ஓட்டிப் பாத்துட்டேன்மா. வேகம் சரியாத்தான் இருக்கு."

"அது இ ஃபிளாட்."

"ஒருவேளை அந்த பியானோவே அன்னிக்கு மேல இருந்திருந்தா?"

அவருக்குத் தெரியாது. எந்த மண்டபமானாலும், ஆட்கள் வருவதற்கு முன் நான் போய் இசைக்கவையை, அந்த இரண்டு கால் இரும்பை, தட்டி பியானோவைச் சோதிப்பேன். நான் சரி என்ற பிறகுதான் என் கணவர் கோட்டைக் கழற்றி உட்காருவார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கைதட்டுகிற பக்கம் பார்க்க மாட்டார். நான் இருக்கிற மூலையைப் பார்ப்பார். சரியா? நான் தலையை அசைத்தால் சரி. அசைக்காவிட்டால் அந்த இரவு சோறு இறங்காது. நான் படித்த கான்வென்ட்டில் மதர் சாவிக்கொத்தைக் குலுக்கி, இது என்ன சுரம் என்று வகுப்பையே கேட்பார். பதிலுக்கு உயர்கிற கை என்னுடையது ஒன்றுதான்.

"டிரம்ஸ் வாசிச்ச பெரியவர் இருக்காராமே. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"தாளக்காரனுக்குச் சுருதியில என்ன வேலை?"

மனிதர் மெஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அரைக்கட்டை இறக்கிக் கொண்டுவருவார்.

பிப்ரவரி 22

இறக்கிக் கொண்டுவந்தார். கண்ணை மூடிக் கேட்டேன். இ ஃபிளாட். அவரேதான். கொஞ்சம் நிதானமாக வாசித்திருக்கிறார் — அன்றைக்கு உடம்பு முடியாமல் இருந்ததோ? நினைவில்லை. ஆனால் அவரேதான். ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.

இசைத்தட்டுக்காரர் போனபிறகு மகள், "அந்த ஆளை ஏம்மா இப்படி விரட்டுற? இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா காதைப் பிடிச்சுத் திருகியிருப்ப" என்றாள். திருகியிருந்தால் முதல் தடவையே சரியாக வந்திருக்கும்.

மார்ச் 1

தட்டோடு வைக்கிற தாளுக்கு நான் எழுதித் தரவேண்டியது. எதை முதலில் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு. வரைவு:

முதலில் ஹோட்டல் முன்கூடப் பதிவைக் கேளுங்கள். அவருக்கு வயது முப்பதுக்குள். யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே போடுகிறார்கள். அது டி-யில் உடைகிறது. அடுத்த நொடி அவருடைய வலது கை அதே டி-யை எடுத்துக்கொண்டு ஒரு கேலி செய்துவிட்டுப் பாட்டுக்குத் திரும்புகிறது. குவளையைப் போட்டவரும் சிரிப்பது கேட்கும்.

பிறகு பள்ளி மண்டபப் பதிவு. வெளியே மழை. கூரை மேல் விழுவது எது, டிரம்ஸ் மேல் கம்பித்தூரிகை உரசுவது எது என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டாம். அந்த மெதுவான பாட்டு இதில்தான் இருக்கிறது. அவர் இடது கை செய்வதை மட்டும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். கதவருகே நிற்கிற ஒருவர் போவதா இருப்பதா என்று முடிவு செய்யாமல் நிற்பது போல இருக்கும்.

வீட்டுக் கூடத்தில் எடுத்த கடைசிப் பதிவைத் தயவுசெய்து முதலில் கேட்காதீர்கள். அவர் மூச்சு வாங்குவது பியானோவைவிடச் சத்தமாகக் கேட்கும். மற்ற இரண்டையும் கேட்டு அவரோடு பழகிய பிறகு கேட்டால், அந்த மூச்சும் பாட்டில் சேரும்.

மகள் படித்துவிட்டு, "அப்பாவைப் பத்தி நீ இப்படி நல்லதா ஒரு நாள் பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள். கேட்டிருக்க வேண்டியவர் தலையசைப்பையே போதும் என்று எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2

தட்டு வந்துவிட்டது. உறையில் அவர் பக்கவாட்டு முகம். பத்திரிகையில்கூட எழுதியிருக்கிறார்கள்: "துயரத்தின் கனம் தாங்கிய, அவசரமற்ற விரல்கள்."

துயரமா? அவருக்கா? ஹோட்டல் மேனேஜரின் வழுக்கையைப் பாட்டாகவே வாசித்துக் காட்டுகிற மனிதர் அவர். எழுதுகிறவர்களுக்கு ஒரு கனம் வேண்டும்.

ஏப்ரல் 5

தகரம் வந்தான். அவரோடு கடைசிவரை டிரம்ஸ் வாசித்தவன். சிறுவயதில் எண்ணெய் டின்னில் தட்டிப் பழகியதால் அந்தப் பெயர். இப்போது அவனுக்கும் நடக்கத் தடி வேண்டும். தட்டைப் போட்டோம். மழைப் பதிவு ஆரம்பித்ததும் மேசையில் விரலால் தட்டிக்கொண்டு வந்தவன் நடுவில் நிறுத்திவிட்டான்.

"அண்ணி, யாரு இது?"

"என்ன கேள்வி இது?"

"அண்ணன் இல்ல இது. அண்ணன் இப்படிக் காலை இழுத்துக்கிட்டு நடக்க மாட்டார். நானும் இல்ல. நான் இவ்வளவு தூங்கியிருந்தா அன்னிக்கே எம் முதுகுல ஒண்ணு வச்சிருப்பார்."

"உனக்கு வயசாயிடுச்சு."

"ஆயிடுச்சுதான். ஆனா இந்தக் கைக்கு அந்த வேகம் மறக்கல, அண்ணி. யாரோ இதைப் பிடிச்சு மெதுவாக்கியிருக்காங்க."

நாடா வேகமாக ஓடியதையும், நான் சொல்லித் திருத்தியதையும் சொன்னேன். தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். போய் வேலையப் பாரு."

எழுந்தான். டீ அப்படியே இருந்தது. வாசலில் நின்று, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கிண்டலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே சொன்னான்.

ஏப்ரல் 6

அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து நிரூபிக்க வேண்டும் என்று அலமாரியைத் திறந்தேன். இசைக்கவை அவருடைய கறுப்புக் கோட்டின் உள்பையில்தான் இருக்கும். அவர் போனதிலிருந்து அந்தக் கோட்டை நான் தொடவில்லை. இருந்தது.

முழங்காலில் தட்டிக் காதில் வைத்தேன்.

அந்த இரும்புக்கு ஒரே சுரம்தான் தெரியும். ஏ. வெயிலில் போட்டாலும் பெட்டியில் பூட்டினாலும் ஏ.

பி ஃபிளாட் கேட்டது.

சரியாகத் தட்டவில்லையோ? மறுபடி தட்டினேன். மற்றக் காதில் வைத்தேன். மேசை மேல் ஊன்றினேன். பி ஃபிளாட். பி ஃபிளாட். பி ஃபிளாட்.

பியானோ, பள்ளிக்கூட மணி, நாடா, இப்போது இதுவும் — எல்லாம் அரைக்கட்டை மேலே. எல்லாமே எப்படித் தப்பாகும்? இந்தக் கேள்வியைப் பிப்ரவரியிலேயே கேட்டிருக்கலாமே, முட்டாள் பொம்பளை.

ஏப்ரல் 7

இன்றும் அதே.

ஏப்ரல் 11

காது டாக்டர் சின்னப் பெண். சத்தம் கேட்பதில் பெரிய குறை இல்லையாம். வயதானால் சிலருக்கு உள்காதில் சுரம் இடம் மாறித் தெரியுமாம். சாதாரணமானவர்களுக்கு அது நடந்தாலும் தெரியாது. "உங்களுக்கு அவ்வளவு நல்ல காது இருந்ததாலதான் பாட்டி கண்டுபிடிச்சிருக்கீங்க" என்று பாராட்டினாள். நான் எங்கே கண்டுபிடித்தேன்?

திரும்ப வருமா என்றேன். வராது. இங்கேயே நிற்குமா என்றேன். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். இன்னும் நகரலாம்.

ஏப்ரல் 12

தட்டைப் போட்டுக் கேட்டேன். வேண்டுமென்றே, முழுக்க.

உலகத்தில் அவர் எனக்குச் சரியான சுருதியில் கேட்கிற இடம் அந்தத் தட்டு ஒன்றுதான். சொந்தப் பியானோவில்கூட இல்லை. ஆனால் தகரம் சொன்னதும் இப்போது கேட்கிறது. சுருதியைப் பிடித்துக்கொண்டு நடையை விட்டுவிட்டேன். குறும்புக்கார மனிதரைப் பிடித்து நோயாளியாக்கிக் கடைகளில் வைத்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் அதைக் கேட்டு, பாவம், என்ன துயரமோ என்கிறார்கள். அவருக்கு இருப்பது இந்த ஒரு தட்டுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தகரம் சொல்ல மாட்டான். இதை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 13

இசைத்தட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிடலாம், புதிதாக அச்சிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார். நல்ல மனிதர். நான் அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை.

"மெஷின் கோளாறுன்னு அறிவிப்பு போட்டுடறேன்மா. உங்க பேரு வேணாம்."

"உங்க மெஷின் என்ன தப்பு பண்ணுச்சு?"

"அதுக்கில்லம்மா —"

"என் காதுக் கோளாறுன்னு போடுங்க. மனைவியின் காதுன்னே போடுங்க."

மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக ஏதாவது சொல்கிறவள் போனை வாங்கி வைத்துவிட்டு, எனக்கு டீ போட்டாள்.

ஏப்ரல் 20

நம் வீட்டுத் தட்டையும் எடுத்துப்போக ஆள் வந்தது. "இது ஒண்ணையாவது வச்சுக்கோயேன்மா. உனக்கு இதுதானே சரியாக் கேக்குது" என்றாள் மகள். கொடுத்துவிட்டேன். ஊரில் இருக்கக்கூடாதது வீட்டில் மட்டும் இருக்கலாமா?

ஜூன் 10

புதுத் தட்டு வந்தது. தகரத்துக்குச் சொல்லியனுப்பினேன். வருவானோ என்றிருந்தது. வந்தான். உட்கார்ந்ததும், "டீ வரட்டும், போன தடவை பாதியில எழுப்பிட்டீங்க" என்றான்.

மழைப் பதிவு. எனக்கு அது இ-யில்தான் ஓடியது. அந்நியர் யாரோ அவருடைய விரல்களை இரவல் வாங்கி வாசிப்பது போல. நான் தட்டைப் பார்க்கவில்லை. தகரத்தின் விரல்களைப் பார்த்தேன். மேசை மேல் அவை நிற்காமல் ஓடின. ஒரு இடத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. என்ன என்றேன்.

"இங்கதான் அண்ணி, என்னைப் பாத்து நாக்கைத் துருத்தினார்."

பாட்டு முடிந்தது. அவன் பக்கம் திரும்பினேன்.

"சரியா?"

எத்தனை வருடம் அவர் என்னைக் கேட்ட கேள்வி. நான் யாரையும் கேட்டதில்லை. இவன் எப்போது தலையசைப்பான் என்று காத்திருப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று தெரியாது.

"சரி அண்ணி" என்றான்.

தாளில் நான் எழுதியது அப்படியே இருக்கிறது. குவளை டி-யில்தான் உடைந்தது. அது காதில் அல்ல, நினைவில் இருக்கிறது.

ஜூலை 3

சுருதி சேர்க்கிறவரை வரச்சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கூச்சத்தில் பைக்குள் தலையை விட்டு எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். பியானோவின் மூடியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"வீட்ல இதை வேற யாரும் வாசிக்கிறாங்களாம்மா?"

"இல்ல."

"அப்போ அரைக்கட்டை இறக்கி வச்சுடட்டுமா? உங்களுக்கு உங்க இடத்துல கேக்கும்."

வெட்கமாக இருந்தது. மதர் இருந்தால் என்ன சொல்வார்? தப்பான பியானோவில் வாசிப்பதைவிட மூடி வைப்பது மேல் என்பார். நானும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

"காது இன்னும் நகரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"நகரட்டும். அப்போ ஒரு நடை வர்றேன்."

இறக்கச் சொன்னேன்.

ஜூலை 5

மெதுவான பாட்டை வாசித்தேன். இடது கையை மட்டும், பிறகு இரண்டும்.

இந்தப் பியானோவைக் கேட்டே வளர்ந்த மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றிருக்கிறாள்.

"அம்மா, பியானோ இறங்கிக் கிடக்கு."

"தெரியும்" என்றேன்.