நல்ல தண்ணீரில் கழுவிய கீபோர்டு

அரங்கம்குப்பம்,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் வைஷ்ணவிக்கு நைனா துளசிங்கம் எழுதுவது. நானும் அம்மாவும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த நார்வே குளிரில் சுகமாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் சுகமில்லாமல் போனது உன் கீபோர்டு ஒன்றுதான். அதைக் கொன்றவனும் நான்தான். எப்படி என்று சொன்னால் சிரிப்பாய், சிரித்தால் நல்லது, நீ சிரித்துக் கேட்டு ரெண்டு வாரம் ஆகிறது. கடலுக்குப் போய் வந்தால் என்ஜினில் நல்ல தண்ணீர் விட்டு உப்பை எடுத்துவிட்டுத்தானே கரையேற்றுவோம், அந்தப் புத்தி எனக்கு. கீபோர்டில் எழுத்தெல்லாம் உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்டது, அழுத்தினால் எழும்ப மாட்டேன் என்றது. சரி இதுவும் ஒரு இரும்புச் சாமான்தானே என்று கிணற்றுத் தண்ணீர்கூட உவர்ப்பு என்று ஒதுக்கி, அம்மா குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றி, பழைய பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கருவாடு காய்கிற பாயில் ஒரு ஓரமாகக் கவிழ்த்து வைத்தேன். சடையன் மாமா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர் நின்று பார்த்து, இது இன்னா மீனு துளசிங்கம், முள்ளு ரொம்ப ஜாஸ்தியா கீதே என்றார். குப்பம் முழுக்க அதைச் சொல்லியாகிவிட்டது. இப்போது டீக்கடையில் என்னைப் பார்த்தால் முள்ளு மீனு வருதுன்னுதான் சொல்கிறார்கள். காய்ந்ததும் எடுத்து மாட்டினேன், ஒரு எழுத்தும் வேலை செய்யவில்லை, பாயில் இருந்த வாசனை மட்டும் ஏறியிருந்தது.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை நீ நினைத்தது வேறு, நடந்தது வேறு. அன்றைக்கு நீயும் நானும் அந்தத் தீவு விளையாட்டில் இருந்தோம், நீ மரம் வெட்டிக்கொண்டிருந்தாய், நான் வழக்கம்போல மீன் பிடித்துக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டருக்குள் போயும் எனக்கு அந்த வேலைதான். காதில் மாட்டுகிற மைக் போன மழைக்கே உப்பில் போய்விட்டதால் பேச்செல்லாம் எழுத்தில்தான் ஓடுகிறது, அதுவும் ஒரு வகையில் நல்லது, அம்மா காதில் விழாது. அப்போதுதான் நீ எழுதினாய், கம்பெனியில் இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், நீ இன்னா சொல்ற நைனா என்று. அம்மாவைக் கேட்காமல் என்னைக் கேட்டாய், அது எனக்குத் தெரியும். பதில் தட்டப் போனேன், எழுத்து இறங்கினது இறங்கினபடி நின்றுவிட்டது. எதைத் தட்டியும் ஒன்றும் போகவில்லை. உன் கண்ணெதிரில் விளையாட்டுக்குள் இருக்கிற என் ஆள், நாம் கரையில் மூட்டின நெருப்புப் பக்கத்தில் நட்டுவைத்த கழி மாதிரி நிற்கிறான். கோவமா நைனா என்று கேட்டாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். போய்விட்டாய். விடிந்ததும்தான் அதைக் கழுவ எடுத்தேன்.

மறுநாள் நீ போன் பண்ணினபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், பக்கத்து வீட்டு ஹேமாவதி வேறு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் எதிரில் கீபோர்டைக் குளிப்பாட்டிய கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, கரண்ட் போச்சு கண்ணு என்றேன். நீ சரி நைனா என்று மட்டும் சொன்னாய். வைத்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது, கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் அணைந்திருக்கும், என் ஆளும் மறைந்திருப்பான், அவன் அவ்வளவு நேரம் நெருப்புப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தவளிடம் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு நீ போனில் சாப்பிட்டேன், வேலை இருக்கு, இவ்வளவுதான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கரைக்குப் போனால் வீட்டுக்கு வர வேண்டும் போல, வீட்டுக்கு வந்தால் கரைக்குப் போக வேண்டும் போல. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன், வலை பின்னும்போது ஒரு கண்ணைப் பின்னாமல் விட்டுவிட்டேன் என்று சடையன் மாமா திட்டினார். நான் கோபித்துக்கொள்ளவில்லை கண்ணு. உப்பு, அவ்வளவுதான்.

ஏரியில் நம் பாடு இல்லாத நாளாகப் பார்த்து, அதாவது வலை கட்டும் முறை அடுத்த கூட்டத்துக்கு விழுந்த நாள், பொன்னேரிக்குப் போனேன். அங்கே ஆபீசில் வைக்கிற கறுப்புக் கீபோர்டுதான் இருந்தது, வெளிச்சம் வராது. வெளிச்சம் எனக்கு வேண்டும், கம்ப்யூட்டர் இருக்கிற உள் ரூமில் பல்பு மின்மினி மாதிரி எரிகிறது, என் கண்ணும் அதற்கு ஜோடி. அப்படியே ரயில் ஏறிவிட்டேன், அனுப்பம்பட்டு தாண்டும்போதுதான் அம்மாவிடம் சொல்லவில்லை என்று ஞாபகம் வந்தது, போனில் சொன்னதற்கு, வயசானவங்க காசி ராமேஸ்வரம்னு ரயில் ஏறுவாங்க, நீ விளையாட்டுச் சாமான் வாங்க ஏறிக்கீற என்றாள். மெட்ராஸில் ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடை, நடத்துகிற பெண் பேர் திவ்யா, உன் வயசு இருக்கும், அதனாலேயே அங்கே நின்றேன். ரெண்டாயிரத்துக்குள் கீபோர்டும் மவுசும் வேண்டும், வெளிச்சம் வேண்டும், உப்புக்காற்று தாங்க வேண்டும் என்றேன். உப்பா என்று கேட்டாள், கழுவின கதையைச் சொன்னேன், அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உனக்குச் சொல்ல வெட்கப்பட்டதை முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன் பார்.

நீ அங்கே வைத்திருக்கிற மாதிரி டக் டக் என்று சத்தம் வருகிற வகையைக் கேட்டேன். அது வேண்டாம் அங்கிள், விலையும் ஜாஸ்தி, ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் உப்பு இறங்கிடும் என்றாள். உள்ளே ரப்பர் விரிப்பு போட்ட வகையைக் காட்டினாள், சத்தம் குறைவு, அம்மா சீரியல் பார்க்கும்போது தட்டினாலும் சண்டை வராது. மலிவில் ஒரு மோசடி இருக்கிறது வைஷு, நீயும் யாருக்காவது வாங்கினால் பார்த்து வாங்கு, சிலதில் சுற்றிலும் தேர்த் திருவிழா மாதிரி வெளிச்சம் ஓடுகிறது, எழுத்து மட்டும் இருட்டாகவே இருக்கிறது. எனக்கு எழுத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், கூட்டவும் குறைக்கவும் முடிகிறது, ஒரே நீல நிறத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்புறம் விளையாட்டில் ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே வெட்டினால் மலிவான கீபோர்டு ஒரு எழுத்தை விழுங்கிவிடுமாம், அதனால் கடையிலேயே மாட்டச் சொல்லி நாலைந்து எழுத்தைச் சேர்த்து அழுத்திப் பார்த்தேன், என் விரல் தடிமனுக்கு ஒன்றை அழுத்தினாலே ரெண்டு இறங்குகிறது, அது வேறு கதை. எல்லாம் பார்த்துக் கடைசியில் ரெண்டு கீபோர்டு மிஞ்சியது. ஒன்றுக்கு ஒரு வருஷம் வாரண்டி, இன்னொன்றுக்கு மூணு வருஷம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ரெண்டையும் ரெண்டு கையில் வைத்துக்கொண்டு, இலையில் எதை முதலில் எடுப்பது என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றேன். பின்னால் ஆள் சேர்ந்துவிட்டார்கள். மூணு வருஷத்துக்கு உள்ளதையே எடுத்துக்கொண்டேன்.

மவுசுக்கு வருகிறேன். ஒயர் இல்லாதது பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் பேட்டரி போடுகிற இடத்தில் நம் ஊர்க் காற்றுக்குப் பச்சை பிடித்துவிடும், டார்ச் லைட்டில் பார்க்காததா, அதனால் ஒயர் வைத்ததே வாங்கினேன். என் உள்ளங்கை நிறைகிற அளவு, பக்கத்தில் ரெண்டு பட்டன், வேகத்துக்கு ஒரு பட்டன். அதைக் கடையில் தெரியாமல் அழுத்திவிட்டேன், அம்புக்குறி இறால் மாதிரி துள்ளி ஓடுகிறது, பிடிக்க முடியவில்லை, திவ்யாதான் குறைத்து வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து உட்கார்ந்து கீபோர்டுக்கு உறை தைத்தாள், தைத்துப் போட்டுவிட்டு, இதுக்கப்புறம் இதுகிட்ட தண்ணி கொண்டாந்த, கைய ஒடிப்பேன் என்றாள். அவளும் உன்னைத்தான் நினைத்துத் தைத்தாள், சொல்ல மாட்டாள். நீயாக ஒரு நாள் அவளுக்கு மட்டும் போன் பண்ணு, மாப்பிள்ளைப் பேச்சு எடுத்தால் நைனாவைக் கேளுன்னு சொல்லிவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கே தட்டியிருக்க வேண்டியது. அந்த வேலை உனக்குப் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடு. மீனைக் கூண்டில் போட்டு வளர்க்கிற ஊர் என்று சடையன் மாமா கிண்டல் பண்ணினாலும், அந்த மீனுக்கு நோய் வந்ததை முதலில் கண்டுபிடித்தது எங்க வைஷுதான் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடுகிற நாட்டார் கூட்டத்தில் சொன்னதும் அவர்தான். ஆனால் அம்மா தொல்லைக்குப் பயந்து மட்டும் அங்கே தங்காதே, எங்களுக்காகப் பாவம் பார்த்து மட்டும் திரும்பியும் வராதே. ரெண்டும் காற்றைப் பார்க்காமல் படகு தள்ளுகிற கதைதான். எது உன் மனசுக்கு நேராக இருக்கிறதோ அதைச் செய், நைனா உன் பக்கம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். ராத்திரி வெறும் ரொட்டி தின்றுவிட்டுப் படுக்காதே. கடற்கரை அம்மன் உன்னோடு கூடவே இருப்பாள், நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், முன்னது பின்னதாக வந்தால் அடுக்கிப் படித்துக்கொள். நாளைக்கு ஞாயிறு, எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம், உனக்கு மத்தியானம், மறந்துவிடாதே. என் ஆள் அந்த நெருப்புப் பக்கத்திலேயே நிற்பான். இந்தத் தடவை நகருவான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் நைனா,
துளசிங்கம்.

இதை எழுதாமலே மடித்துவிட இருந்தேன், கை கேட்கவில்லை. பில் போடும்போது அந்தத் திவ்யா, இனிமே மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல அங்கிள் என்றாள். அவள் சொன்னது கீபோர்டை, என் காதில் விழுந்தது உன் கம்பெனி. ஒரு வருஷம் உழைத்தாலே எனக்குப் போதும்மா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.