முப்பத்து மூன்று பொட்டலம்

தூத்துக்குடி,
நவம்பர் 14.

அன்பு மகள் செல்வராணிக்கு அப்பா பால்துரை எழுதிக்கொள்வது. இங்கே நாலு பேர் சுகமாக இருக்கிறோம்: நான், உன் அம்மா, உன் தங்கச்சி பொன்செல்வி, அவள் வயிற்றில் இருக்கிற ஏழு மாதப் பிள்ளை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனை எடுத்தால் நான் முதல் வார்த்தையிலேயே குரலை உயர்த்திவிடுவேன் என்கிறாள் உன் அம்மா. அது உண்மைதான். மத்தியானம் கடையில் கூட்டம் இல்லை, கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செய்தியைப் பார்த்துவிட்டோம். உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நீங்கள் விடாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்த விண்கல் பூமிப் பக்கமே வராதாம். செவ்வாய்க்கிழமை காலை பொன்செல்வி மாப்பிள்ளை செந்தூர்வேல் துறைமுகத்து வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திப் போனைக் காட்டினார். படித்ததும் நிறுத்துக்கொண்டிருந்த சீனியை அப்படியே விட்டுவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கடலை மிட்டாய் கொடுத்தேன். அண்ணாச்சி கடையில் ஓசி மிட்டாயா என்று வாங்கத் தயங்கினார்கள்.

பொன்செல்விக்கு இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாக நின்ற கர்ப்பம் இது. அந்த நேரம் பார்த்து டிவிக்காரன் படம் போட்டு, ஏழு வருடம் கழித்து ஒரு மார்கழியில் கல் விழலாம், விழுந்தால் இந்தக் கோட்டில் எங்காவது விழும் என்றான். கோடு நம் கடல் மேலேயே போனது. அன்றிலிருந்து பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போகும்போதா என்று சொல்லிச் சொல்லி அழுதாள். முதலில் நூற்றில் ஒன்று என்றாய், அடுத்த வாரம் இரண்டு, பிறகு மூன்று. பருப்பு விலை மாதிரி ஏறுகிறதே, இனி முப்பது, அறுபது என்று போய்க்கொண்டே இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தக் கலக்கத்தில் உன் அம்மா முத்தாரம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். கல் வராது என்றால் நந்தியாவட்டை, வரும் என்றால் செவ்வரளி, இரண்டு பொட்டலம். பொன்செல்விதான் எடுத்தாள். அரளி வந்தது. அங்கேயே மயங்கி விழுந்தாள். ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அன்றுதான் உன்னைக் கூப்பிட்டு, ஒன்றும் ஆகாது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல் என்று கேட்டேன். நீ சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாதுப்பா. இப்ப யாருக்குமே தெரியாது. தெரிஞ்சதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

அதோடு விடாமல், அம்மா இரண்டு பொட்டலம் கட்டியதே தப்பு, மூன்று சதவீதம் என்றால் முப்பத்திரண்டு வெள்ளைக்கு ஒரு சிவப்பு கட்டியிருக்க வேண்டும் என்றாய். சாமி காரியத்தில் கணக்குப் பேசுகிறாயா, கூடப் பிறந்தவளுக்காக ஒரு பொய் சொல்ல விடாத படிப்பு என்ன படிப்பு என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நாற்பது நாள் உன்னோடு பேசவில்லை.

ஆனால் நீ சொன்னது மனதில் நமநமத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் கடையில் முப்பத்து மூன்று பொட்டலம் மடித்தேன். முப்பத்திரண்டில் வெள்ளை மொச்சை, ஒன்றில் சிவப்பு ராஜ்மா. இது சாமியிடம் கேட்பதற்கு இல்லை, சும்மா எடுத்துப் பார் என்று பையோடு ஆஸ்பத்திரியில் அவள் முன்னால் வைத்தேன். அவள் எடுத்துப் பிரிப்பாள், நான் திரும்ப மடித்துப் போட்டுக் குலுக்குவேன். மொச்சை, மறுபடி மொச்சை, மறுபடியும் மொச்சை. இருபது தடவைக்கு மேல் போன பிறகு ராஜ்மா வந்தது. நான் பதறிப் போனேன். அவள் அழவில்லை.

"இதுவும் உள்ளதானே கெடக்குப்பா. ஆனா எத்தனை வாட்டி எடுத்த பொறவு வருது, பாத்தீங்களா" என்றாள். அன்று ராத்திரி மூன்று இட்லி தின்றாள்.

மீதியை மாப்பிள்ளை விளக்கினார். கப்பல் தூரத்தில் தெரியும்போது, இங்கிருந்து அதுவரை எங்கும் வந்து சேரலாம் என்று அகலமாகத்தான் சொல்ல முடியுமாம். பார்க்கப் பார்க்க அந்த அகலம் குறுகும். துறைமுக வாய் அதற்குள் இருக்கிற வரைக்கும் அதன் பங்கு ஏறிக்கொண்டே வரும், விலகிவிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும். அந்தக் கல்லுக்கும் பூமிக்கும் இதே கணக்குத்தானாம். ஒன்பது வருடத்துக்கு முந்திய வானத்துப் படங்களைத் தோண்டி, அதில் அந்தக் கல்லை மங்கலான ஒரு புள்ளியாக நீங்கள் கண்டுபிடித்ததால்தான் பாதை முடிவானதாம். அதற்காக நீ வாரக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா இப்போதுதான் சொல்கிறாள். நான் உன்னைத் திட்டிய நாளிலும் அந்தப் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயாமே.

திங்கட்கிழமை மூன்று தடவை என் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். சொன்ன சொல்படி முதலில் என்னிடம் சொல்லத்தான். நான் வீம்புக்கு எடுக்கவில்லை. நான் செய்தது தப்பு, மகளே. மனதில் வைத்துக்கொள்ளாதே.

பொன்செல்வி இப்போது அம்மாவிடம் சண்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு கேட்கிறாள். நேற்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். பிரசவம் நல்லபடியாக ஆகுமா என்று கேட்டேன். இப்போதே சொல்ல முடியாது, பத்து நாளைக்கு ஒரு தடவை வாருங்கள், பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். முன்பென்றால் அன்றைக்கே வேறு டாக்டரைத் தேடியிருப்பேன். இவரிடமே பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தை நடுவில் நாள் கொடுத்திருக்கிறார்கள். லீவு கேட்டு வா. ஒன்றும் ஆகாது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம். என் பக்கத்தில் வந்து நில். எனக்குப் பயமாக இருக்கிறது.

முத்தாரம்மன் உன்னை நல்லபடியாக ஊர் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
பால்துரை