அன்புடன், ஒன்பதாம் எண்

மார்ச் 4, புதன்

இல்லை, மறந்துவிடவில்லை. இடது கால். வலையின் வலது மூலை. மழை. கடைசியாக நான் அடித்த கோல் அதுதான். அதற்குப் பிறகு பதினொரு ஆட்டங்கள் ஆகிவிட்டன. ஒன்றும் இல்லை.

இன்று பல் மருத்துவரிடம் போயிருந்தேன். வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு அவர் கேட்கிறார்: "என்னம்மா, இப்பல்லாம் அடிக்கறதே இல்லையாமே?" எனக்குப் பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்துத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "ஆ" என்றேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன். முன்வரிசை. எண் ஒன்பது. பந்தை வலைக்குள் அனுப்புவது வேலை. ஒரு தபால்காரர் ஐந்து மாதமாக ஒரு கடிதம்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்றால் அவரைத் தபால் நிலையத்துக்கே தலைவராக வைத்திருப்பார்களா?

வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

பயிற்சி. பதினாறு முறை உதைத்தேன். ஒன்று வாகன நிறுத்தம் வரை போய்க் கண்ணாடியை உடைத்தது. கோச்சின் கார்.

மார்ச் 7, சனி

வீட்டுக்குப் போனேன். அம்மா கணக்கு டீச்சர். குசலம் விசாரிப்பதற்கு முன்பே சொன்னாள்: "தொள்ளாயிரத்து நாலு நிமிஷம். அதாவது பதினஞ்சு மணி நேரம் நாலு நிமிஷம்." கோல் இல்லாமல் நான் களத்தில் நின்ற நேரம். விடைத்தாள் கட்டின் மேலேயே ஒரு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறாள். சிவப்பு மையில்.

அப்பா ஜெராக்ஸ் கடையில் என் படத்தை மாட்டியிருக்கிறார். நிறம் மங்கும்போதெல்லாம் பழையதை வைத்துப் புதிதாக ஒரு நகல் எடுத்துக்கொள்கிறார். நகலின் நகலின் நகல். இப்போது அதில் ஒரு கறுப்புத் திட்டும் இரண்டு பற்களும் மட்டும் இருக்கின்றன. யார் இது என்று ஒருவர் கேட்டாராம். அப்பா பெருமையாகச் சொன்னாராம். அவர் இன்னும் சற்று நெருங்கிப் பார்த்துவிட்டு, "ஆமாமா, அப்படியே இருக்கு" என்றாராம்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுடைய அறிவுரை: "எதுல மோதக் கூடாதோ அதையே பாத்துகிட்டிருந்தா அதுலதான் போய் மோதுவ. நீ கோல்கீப்பரையே பாக்கறடி."

உண்மைதான். எதிரணிக் கோலிகள் பதினொரு பேரின் முகமும் எனக்கு மனப்பாடம். ஒருத்திக்குப் புருவத்தில் தழும்பு.

மார்ச் 9, திங்கள்

முகாம் தொடங்கியது. ஹோட்டல் அறையில் என்னோடு கோல்கீப்பர். அவளுக்குப் பட்டப்பெயர் கதவு. அவளைத் தாண்டி எதுவும் உள்ளே போகாது என்பதால் அல்ல. போன வருடம் ஒரு ஹோட்டல் கண்ணாடிக் கதவு மூடியிருப்பது தெரியாமல் முழு வேகத்தில் போய் மோதினாள். கதவுக்குத்தான் சேதம்.

மாலையில் கோச் கூப்பிட்டார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுவார். ஒரு மூடி தீர்ந்தால் கெட்ட செய்தி வருகிறது என்று அர்த்தம். இன்று இரண்டு.

"சனிக்கிழமை மொதல் நிமிஷத்துலேர்ந்து உன்னைத்தான் எறக்கப் போறேன். அதுலயும் வரலன்னா, அடுத்த ஆட்டத்துக்கு அணில். கேப்டன் கைப்பட்டையப் பத்தியும் அப்ப பேச வேண்டியிருக்கும்."

தலையாட்டினேன். காரைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அணில் என்பவள் பத்தொன்பது வயதுப் பெண். ஜெர்சி எண்ணும் பத்தொன்பது. எதைத் தின்றாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து தின்பாள். அவளை வெறுக்க முயன்றேன். கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 11, புதன்

கையெழுத்து நாள். மேனேஜர் சார் அட்டைப்பெட்டிகளோடு வந்தார். பந்து, ஜெர்சி, நாட்காட்டி, யாரோ ஒருவருடைய மாவுக்கட்டின் புகைப்படம். முந்நூறுக்கு மேல். "அன்புடன்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னப் பந்து வரைய வேண்டும். இந்தப் பந்து இருக்கிறதே, அது ரசிகர்களுக்குப் பிடிக்கும். ஆறு வருடப் பழக்கம். இப்போதெல்லாம் நான் பார்ப்பதே இல்லை. கை நீட்டிய இடத்தில் தாள் இருக்கும், பேனா தானாக ஓடும்.

இன்று சலவைக்காரரின் ரசீதிலும் போட்டுவிட்டேன். ஆறு காலுறை, இரண்டு துண்டு — அன்புடன். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துணிகள் இன்னும் வரவில்லை.

கேள்வி: கை தானாகச் செய்யும் காரியத்தை ஏன் கால் தானாகச் செய்வதில்லை?

பல்கலைக்கழகத்தில் படித்த காலமென்றால் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருப்பேன். நாற்பதுக்கு இருபத்தேழு கிடைத்திருக்கும்.

மார்ச் 13, வெள்ளி

நாளை. அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

மூக்கில் பஞ்சு வைத்திருப்பதால் குனிந்து எழுத முடியவில்லை. நோட்டை உயரப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு. உடை மாற்றும் அறை. காலுக்குப் பட்டி சுற்றிக்கொண்டிருந்தேன். மேனேஜர் சார் ஒரு தாளை நீட்டினார். கை நீட்டினேன். அன்புடன், கையெழுத்து, பந்து.

அது அணிப் பட்டியல். களமிறங்கும் பதினொரு பேர் மேலே, மாற்று ஆட்டக்காரர்கள் கீழே. கேப்டன் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு நடுவரிடம் போக வேண்டிய தாள். தட்டச்சு செய்யும்போது ஒன்பதும் பத்தொன்பதும் இடம் மாறியிருந்தன. அணில் மேலே. நான் கீழே, இரண்டாவது கோல்கீப்பருக்குப் பக்கத்தில்.

நடுவர்தான் வந்து கேட்டாராம், இந்தப் பந்துப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று. அப்போதுதான் தெரிந்தது. தாளைக் கொடுத்தால் கொடுத்ததுதான். தொடங்குவதற்கு முன் யாருக்காவது அடிபட்டால் மட்டும் ஆளை மாற்றலாம்.

மேனேஜர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோச் பார்த்திருப்பார் என்று நினைத்தாராம். கோச்சைக் கேட்டால், கேப்டன் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். நான் எதையும் நினைக்கவில்லை. மூவரில் நான் மட்டும்தான் நேர்மையானவள்.

கடைசி வாய்ப்பு. அதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்புடன்.

நான் ஒதுங்கியிருந்த குளியலறையின் வாசலில் அணில் வந்து நின்றாள். இரண்டு கையிலும் ஒரு பிஸ்கட்.

"அக்கா, எனக்குக் கணுக்கால் பெசகிடுச்சுன்னு சொல்லிடவா?"

சொல்லு என்று நாக்கு நுனி வரை வந்தது. பொய் இல்லை, அங்கேயே வந்து நின்றது. அதற்குள் அவள் நொண்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். நாலு அடி வலது காலை இழுத்தாள். திரும்பி வரும்போது இடது கால்.

"எந்தக் கால்னு மொதல்ல முடிவு பண்ணுடி."

"நீங்க சொல்லுங்கக்கா."

"ஒண்ணும் வேணாம். ரெண்டு காலும் நல்லாருக்கு. போய் ஓடு."

கைப்பட்டையைக் கழற்றிக் கதவின் கையில் மாட்டிவிட்டேன். அவள் இதுவரை டாஸுக்குப் போனதே இல்லை. பூவா தலையா என்று நடுவர் கேட்டதற்கு, "பரவாயில்ல சார், எது இருந்தாலும்" என்று சொன்னாளாம். எதிரணிக் கேப்டன் தலை கேட்டாள். பூ விழுந்தது. வென்றது தான் என்பதே கதவுக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

ஆறு வருடத்தில் முதல் முறையாக பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். கம்பளி தருகிறார்கள். சூடாக ஏதோ குடிக்கத் தருகிறார்கள். யாரும் சொல்லவே இல்லையே இதையெல்லாம்.

அணில் ஓடினாள். பந்து இருந்தாலும் ஓடினாள், இல்லாவிட்டாலும் ஓடினாள். ஒரு தடவை நடுவரைத் துரத்தினாள் என்று நினைக்கிறேன். கோல் விழவில்லை. ஆனால் அறுபதாவது நிமிடத்தில் எதிரணியின் பெரிய தடுப்பாட்டக்காரி இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும். எங்கே பார்த்தேன்? — பழைய ஆட்டங்களின் காணொளியில். அறுபதாவது நிமிடம், இடுப்பில் கை. நான்தான்.

அறுபத்தெட்டில் கோச் வேறொருத்தியை வெளியே எடுத்துவிட்டு, அணிலோடு என்னையும் இறக்கினார். கதவு அவ்வளவு தூரம் ஓடி வந்து கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். கைகுலுக்கினாள். இந்தச் சடங்குக்குள் அவளுடைய வலை காலியாக இருந்தது. கோச் ஒரு மூடியை விழுங்கியிருப்பார்.

எண்பத்துநாலு. அந்தக் களைத்த தடுப்பாட்டக்காரி அணிலின் ஜெர்சியைப் பிடித்து இழுத்தாள். பெனால்டி. எங்கள் அணியில் கேப்டன் களத்தில் இருந்தால் பெனால்டி கேப்டனுக்கு. பந்தை வைத்தேன். கோலியைப் பார்க்கக் கூடாது, மூலையைப் பார், மூலையைப் பார். பார்த்தேன். அங்கேயே உதைத்தேன். நான் மூலையைப் பார்ப்பதைக் கோலியும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தடுத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. சொன்னார்கள். தடுத்த பந்து நேராகத் திரும்பி வந்து என் மூக்கில் மோதி, அவள் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்ததாம்.

நான் தரையில் கிடந்தேன். தவறவிட்டேன், முடிந்தது, போச்சு — அவ்வளவுதான் மனசில். அழுதேன் என்றுகூட நினைக்கிறேன். மேலே ஏழெட்டுப் பேர் விழுந்தார்கள். ஆறுதல் சொல்ல இத்தனை பேரா, எந்திரிங்கடி, மூச்சு முட்டுது.

"அக்கா, கோல்கா."

"யாரு அடிச்சா?"

"நீங்கதான்கா."

"எதால?"

அணில் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

கையில் பட்டதா என்று நடுவர் காணொளியில் சரிபார்த்தார். பெரிய திரையில் எட்டு முறை, மெதுவாக. பந்து வருகிறது, மூக்கு அமுங்குகிறது, மேலுதடு காதுப் பக்கம் போகிறது, பந்து போகிறது. முப்பதாயிரம் பேர். எட்டாவது முறை மைதானமே சேர்ந்து "அய்யோ" என்றது.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா: "தொள்ளாயிரத்து இருபத்தோராவது நிமிஷம். எறங்கி பதினேழு நிமிஷத்துல ஒண்ணு." பிறகுதான்: "மூக்கு எப்படி இருக்கு?"

அப்பா பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டிவிட்டாராம். மூக்கு அமுங்கிய கணம். இதில் என்னை எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறதாம்.

மார்ச் 16, திங்கள்

சலவைக்காரர் துணிகளைக் கொண்டுவந்தார். ரசீதைத் தர மாட்டாராம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாராம்.

மார்ச் 18, புதன்

கோச் கூப்பிட்டார். மேசையில் ஒரு முழுப் பேனா மூடி, கடிபடாமல்.

"சனிக்கிழமை ஜெயிச்சா கோப்பைக்குப் போறோம். மொதல்லேர்ந்து நீதான். கோல் வந்துடுச்சு, சொன்ன சொல்லு சொல்லுதான்."

நன்றி என்றேன். வெளியே வந்தேன். நடைபாதையில் இரண்டு சுற்று நடந்தேன். சந்தோஷப்பட வேண்டும். ஐந்து மாதமாக இதைத்தானே கேட்டேன்? பதினொன்றில் ஒரு இடம். என் இடம்.

ஆனால் அந்த இடுப்பில் கை. அது போகவே இல்லை.

மார்ச் 19, வியாழன்

கதவிடம் சொன்னேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரையோடு கேட்டாள்: "அப்ப நான் மறுபடி டாஸுக்குப் போகணுமா?"

ஆமாம் என்றேன்.

"தலைன்னு சொல்லணுமா, பூன்னு சொல்லணுமா? அதை மட்டும் இப்பவே சொல்லிடு."

அவளுக்கு அதுதான் பிரச்சினை. எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

கோச்சிடம் போய்ச் சொன்னேன். அணில் அறுபது நிமிடம் ஓடட்டும், அவர்கள் குனிந்து நிற்கட்டும், பிறகு நான் வருகிறேன் என்று. மூக்குக் கட்டோடு பேசியதால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் ஒலித்தது. மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பேனா மூடியை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பிறகு: "ரெண்டு மாசமா இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மூடி கடிச்சுகிட்டிருந்தேன். நீதான் கேப்டன். அதுல மாத்தம் இல்ல."

அறை வாசலுக்குப் போனபோது கூப்பிட்டார்.

"காரு கண்ணாடி?"

"போட்டுத் தந்துடறேன், கோச்."

மார்ச் 21, சனி

மேனேஜர் சார் தாளோடு வந்தார். இப்போதெல்லாம் அவர் என்னிடம் எதையும் சும்மா நீட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து, உரக்கப் படிக்கிறார். ஒன்றாம் எண், கதவு. களத்தில் கேப்டன். அப்படியே வரிசையாகப் பத்தொன்பதாம் எண் வரை. பதினொன்று முடிந்தது. கோடு. கோட்டுக்குக் கீழே விரல் நின்றது. அவர் குரலும் நின்றது.

"படிங்க சார்."

"ஒன்பது" என்றார், மெதுவாக.

எதிர்ப் பெஞ்சில் அணில் இரண்டு கையாலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் ஆடிக்கொண்டிருந்தன.

தாளை வாங்கி, முதலிலிருந்து நானே ஒரு முறை படித்தேன். பிறகு அன்புடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பந்தையும் வரைந்தேன். எழுந்து போய் பெஞ்சுக்கு ஒரு கம்பளி எடுத்து வைத்துக்கொண்டேன்.